பெரட்டுக்கு முன் 15 நிமிடம்: லயத்து வீட்டில் பரிபூரண ஜீவன்

நற்செய்திக் கூட்டம் முடிந்த கிழமையில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஜெபச் சத்தம் கேட்காத வீடு அபூர்வம். ஒரு மாதம் போனதும் அதே லயத்தில் அப்படி ஒரு வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருவிழா முடிந்த மாதா கோயில் பங்கிலும் இதே நிலைதான். கூட்டத்தில் அழுதவர்கள் நடித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையாக அழுதார்கள், உண்மையாகத் தீர்மானம் எடுத்தார்கள். ஆனால் "இனித் தினமும் ஒரு மணி நேரம் ஜெபம், பத்து அதிகாரம் வேதம்" என்ற தீர்மானம், நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிற ஒரு அம்மாவின் நாளில் எங்கே உட்காரும்? பத்து நாளில் உடைந்துவிடும். உடைந்ததும் "நான் பின்வாங்கிப் போனேன்" என்ற வெட்கம் வரும். அந்த வெட்கத்திலேயே ஞாயிறு ஆராதனைக்குப் போவதும் குறையும்.

அளவைக் குறைத்து, நேரத்தைக் கட்டி, கூட இரண்டு ஆளைச் சேர்த்துக்கொண்டவர்கள் இதே லயங்களில் வருஷக் கணக்காக நிலைத்திருக்கிறார்கள். கீழே வருவதெல்லாம் அவர்களுடைய பழக்கங்கள். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று யாராக இருந்தாலும் தங்கள் சபைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். "நானோ அவைகளுக்கு ஜீவன் உண்டாயிருக்கவும், அது பரிபூரணப்படவும் வந்தேன்" என்று யோவான் 10:10இல் இயேசு சொல்கிறார். இந்த வசனத்தைத் தனியாக எடுக்காமல் 9ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்து வாருங்கள். பிறவிக் குருடன் ஒருவன் பார்வை பெறுகிறான். பெற்றவர்களோ பயத்தில் "அவன் வயதுள்ளவன், அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்குகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் அவனை வெளியே தள்ளுகிறார்கள். தள்ளினார்கள் என்று கேள்விப்பட்ட இயேசு அவனைக் கண்டு பேசுகிறார். அதன் தொடர்ச்சியாகத்தான் நல்ல மேய்ப்பனைப் பற்றிய பேச்சும் பரிபூரண ஜீவனைப் பற்றிய வாக்கும் வருகின்றன. அந்த மனிதனுக்கு அன்றைக்கு வேலையோ வீடோ ஊராரின் மரியாதையோ திரும்பக் கிடைத்ததாக எழுதப்படவில்லை. தன்னைத் தேடி வந்தவரை அவன் பெற்றான்.

ஆகவே சொந்த வீடு, வெளிநாட்டு விசா, முச்சக்கர வண்டி என்று இந்த வசனத்துக்கு விளக்கம் சொல்லும் பிரசங்கத்தைக் கவனமாகக் கேளுங்கள். வீடும் காணியும் நியாயமான சம்பளமும் கேட்பது ஆவிக்குரிய காரியம் அல்ல என்று இதற்கு அர்த்தமில்லை. பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. கூலி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது கிடைக்கும் நாள்வரை ஜீவனைத் தள்ளிப்போடத் தேவையும் இல்லை.

இடமும் நேரமும்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6:6 சொல்கிறது. 10க்கு 12 அடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்திருக்கும்போது எந்த அறைக்குள் போவது? ஒரு மூலை போதும். ஒரு பலகையோ பாயோ எப்போதும் அங்கேயே இருக்கட்டும். சேலைத் தலைப்பையோ துவாயையோ தலையில் போட்டால் அம்மா ஜெபத்தில் இருக்கிறார் என்று பிள்ளைகளைப் பழக்கிவிடலாம். இரண்டு கிழமையில் பழகிவிடுவார்கள். நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் பனியும் ஈரமும் அதிகம். வேதாகமத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பக்கங்கள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். பொலித்தீன் பையில் சுற்றி, அடுப்புப் புகை படாத உயரத்தில், மரத் தட்டில் வையுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் புத்தகத்தைத் தேட ஐந்து நிமிடம் போனால் அன்றைய ஜெபமும் போய்விடும்.

கடிகாரத்தை நம்பாமல், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு நேரத்தைக் கட்டிவிடுங்கள். "அஞ்சு மணிக்கு ஜெபம்" என்றால் தூக்கம் வெல்லும். "தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்ததும் ஜெபம்" என்றால் கேத்தல் நினைவூட்டும். 15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: 2 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருத்தல், 6 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் ஜெபம், 2 நிமிடம் கொப்பியில் எழுதுதல். அந்த முதல் 2 நிமிடத்தைப் பலர் வீண் என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை, பிள்ளையின் சப்பாத்து, கடைக் கடன் என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசித்தால் கண்தான் வாசிக்கும். ஓடுகிறதை ஓடவிட்டு, மூச்சை மெதுவாக இழுத்து விட்டு, "ஆண்டவரே, இதோ இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர் விடியற்காலை ஜெபத்துக்காகத் தன்னை வருத்த வேண்டாம். வேலை முடிந்து முகம் கழுவிய பிறகு, படுப்பதற்கு முன் அவருடைய நேரம். வேலையிலிருந்து ஓய்ந்த பாட்டிமாருக்கு எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் லயம் அடங்கும் முற்பகல்தான் பொன்னான நேரம். லயத்தின் பரிந்துபேசும் ஜெபத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். வீட்டு வீடாகப் பெயர் எழுதிய ஒரு தாள் போதும்.

எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆதியாகமத்தில் தொடங்கி, யாத்திராகமம் 25க்குப் பிறகு ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளில் சிக்கி நிறுத்திவிடுவது வழக்கம். வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குகிறவர்கள் பயந்துபோய் நிறுத்துகிறார்கள். மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு அரை அதிகாரம், ஒரு மாதத்தில் முடியும். பிறகு யோவான் 21 அதிகாரம், அதன்பின் பிலிப்பியர் 4 அதிகாரம். இந்த ஓட்டம் பிடித்துவிட்டால் கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்று போகலாம். புதிய ஏற்பாட்டில் இருப்பது 260 அதிகாரம், 52 கிழமையில் சரியாக முடியும். மிச்சமுள்ள இரண்டு நாளும் தவறிப்போனதற்கான இடம். தவறவே இல்லை என்றால் ஒரு சங்கீதம் வாசியுங்கள்.

வாசிக்கும்போது மூன்று கேள்வி. இங்கே ஆண்டவர் என்ன செய்கிறார்? இங்கேயுள்ள மனுஷர் என்ன செய்கிறார்கள்? இன்று இரவுக்குள் நான் செய்யக்கூடிய ஒன்று என்ன? மூன்றாவது கேள்விக்கு ஆளின் பெயரும் இடமும் இருக்க வேண்டும். மாற்கு 2இல் நாலு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "நான் பிறருக்கு உதவ வேண்டும்" என்று கொப்பியில் எழுதினால் ஒன்றும் நடக்காது. "கடைசிக் காம்பரா ஆத்தாவுக்கு வியாழக்கிழமை கிளினிக், பஸ்ஸுக்குக் கூட்டிப் போக மகனை அனுப்ப வேண்டும்" என்று எழுதினால் வியாழக்கிழமை அது நடக்கும். 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, வசனம், செய்ய வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். அடுத்த நாள் எழுதும்போது முந்திய வரியைப் பார்த்து, செய்திருந்தால் ஒரு கோடு போடுங்கள்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்து அன்றைய வாக்கை எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் கவனம் வேண்டும். அட்டையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வசனம் இருக்கும் அதிகாரம் முழுவதையும் அந்தக் கிழமையே வாசித்துவிட வேண்டும். எரேமியா 29:11 பல வீட்டுச் சுவரில் தொங்குகிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது சொந்த மண்ணிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். முந்திய வசனத்தில் 70 வருஷம் என்றிருக்கிறது. 5 முதல் 7 வரை, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றிருக்கிறது. கோப்பிக்கும் தேயிலைக்கும் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது கிடைக்கும் பலம், அட்டையிலுள்ள ஒரு வரியில் கிடைக்காது.

எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு இந்த வாழ்க்கை மூடியிருக்கவில்லை. 1854இல் சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷன் சங்கத்தார் தோட்டங்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கிய காலத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து வாய்ச்சொல்லாகத்தான் வேதத்தைக் கொடுத்தார்கள். இன்று போனில் ஒலி வேதாகமம் கிடைக்கிறது. வைஃபை உள்ள இடத்தில் ஒரு தரம் இறக்கிக்கொண்டால் மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் கேட்கலாம். மாற்கு முழுவதையும் கேட்க ஏறக்குறைய 2 மணி நேரம்தான். வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை ஐந்து வசனம் சத்தமாக வாசிக்க, பாட்டி ஒரு வசனத்தை மனப்பாடம் செய்வார். பிள்ளையின் வாசிப்பும் திருந்தும்.

ஜெபம்

"என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது" என்பது பலரின் குறை. மத்தேயு 6:9-13இல் இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தையே சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று, அந்த வரிக்குள் அன்றைய காரியத்தைச் சொல்ல வேண்டும். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றதும் நன்றி. "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற இடத்தில் இன்னும் முடிவு தெரியாத காரியம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் இன்றைய தேவை மட்டும். அடுத்த மாதத்தையும் பிள்ளையின் கலியாணத்தையும் அந்த வரிக்குள் திணிக்க வேண்டாம். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் நேற்றைய தப்பு, மன்னிக்க வேண்டிய ஆளின் பெயர். இப்படிப் போனால் 5 நிமிடம் போதாமல் போகும்.

கத்தோலிக்க வீடுகளில் முழுச் செபமாலைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். வேலை நாளில் முடியாவிட்டால் செபமாலையின் ஐந்து பத்தில் ஒரு பத்தை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள், 4 நிமிடத்தில் முடியும். திங்களும் சனியும் மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாயும் வெள்ளியும் துயர மறைபொருள், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி என்று மாறி வருவதால் ஒரு கிழமைக்குள் இயேசுவின் வாழ்க்கை முழுவதையும் சுற்றி வந்துவிடலாம். ஐந்து பத்தையும் ஓட்டமாக ஓடுவதைவிட இது நல்லது.

குடும்ப ஜெபம் 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், பிள்ளை வாசிக்கும் ஐந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கர்த்தருடைய ஜெபம். நாடகம் ஓடுகிற நேரத்தில் டிவியை அணைத்து ஜெபம் வைத்தால் முழு வீடும் ஜெபத்தை வெறுக்கும். அதற்கு முன்னாலோ சாப்பாடு பரிமாறுவதற்குச் சற்று முன்போ வையுங்கள். ஒன்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: ஜெபத்தில் வீட்டாளைத் திட்டுவது. "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலருடைய நாவைக் கட்டும்" என்று மாமியார் காதுபட ஜெபித்தால் அது ஆண்டவரிடம் பேசியது அல்ல, மாமியாரிடம் பேசியது. அவரும் அடுத்த நாள் அதே மாதிரி ஜெபிப்பார். பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் ஜெபத்தைவிட்டு விலகுகிறார்கள்.

இரவில் படுத்தபின் கண்ணை மூடிக்கொண்டு, விடிந்ததிலிருந்து நாளை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். பெரட்டு, மலை, கொழுந்து நிறுவை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, வீடு. எங்கே ஆண்டவர் துணை நின்றார், எங்கே வாய் தவறியது, நாளைக்கு யாரிடம் பேச வேண்டும்? லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் கற்பித்த ஆன்ம சோதனையின் சுருக்கம் இது. ஐந்து நிமிடம் போதும். பாதியில் தூங்கிவிட்டாலும் பாதகமில்லை.

உபவாசம், குடி, காசு

இந்த மூன்றிலும் நல்ல மனதோடு செய்கிறவர்களே அதிகம் காயப்படுகிறார்கள்.

சாப்பிடாமல் சரிவான மலையில் கூடை சுமப்பது ஆபத்து. தலைசுற்றி விழுந்தால் கவ்வாத்து வெட்டிய (கிளை நறுக்கிய) தேயிலைக் கட்டையில் குத்தும். வேலை நாளில் முழு உபவாசம் வேண்டாம். ஞாயிறு காலைச் சாப்பாட்டை விட்டு, ஆராதனை முடிந்தபின் சாப்பிடலாம். தண்ணீர் குடியுங்கள். அந்த வேளைக்கான மாவையோ அரிசியையோ ஒரு ஏழை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏசாயா 58 கேட்கும் உபவாசம் அதுதான். சீனி வியாதிக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், காசநோய் மருந்தில் இருப்பவர் இவர்கள் உபவாசிக்க வேண்டியதில்லை. சீனி வியாதிக்காரர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி இறங்கி மயங்கிவிடலாம். கத்தோலிக்க ஒழுங்கிலேயே 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்குத்தான் விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி கடமை. நோயாளிக்கு விலக்கு உண்டு. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்லும் ஊழியக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டாம். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14).

குடியை விடத் தீர்மானித்தவருக்கு ஜெபம் பெரும் பலம். ஆனால் வருஷக் கணக்காக தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரம் தொடங்கி இரண்டு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, வலிப்புக்கூட வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது தெரிவதும் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவதும் வரலாம். இது உடம்பு மதுவுக்குப் பழகிப்போனதால் வருவது, உயிர் போகவும் கூடும். பிசாசின் போராட்டம் என்று எண்ணி வீட்டுக்குள் வைத்து ஜெபிப்பதால் ஆள் செத்துப் போகலாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியசாலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஜெபியுங்கள். வீடு திரும்பியபின்தான் சபையின் வேலை தொடங்குகிறது. சம்பள நாளில் அவர் தனியாக டவுனுக்குப் போகக்கூடாது, ஒருவர் கூடவே போய் வர வேண்டும். மத்தியானச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்க வேண்டும், பசியும் களைப்பும் குடிக்கு இழுக்கும். சாவு வீடு, கலியாண வீடு இரண்டிலும் முதல் மூன்று மாதம் யாராவது அவர் பக்கத்தில் இருக்கட்டும். மறுபடி விழுந்தால் சாட்சி சொன்னவர் விழுந்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேசாமல் அடுத்த நாள் காலையிலேயே வீட்டுக்குப் போங்கள். புதிதாகக் குடியை விட்டவரை மூன்றாம் கிழமையே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. ஒரு வருஷம் போகட்டும்.

காணிக்கை விஷயம். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததன்படியல்ல, உள்ளதன்படியே என்கிறது. பிடித்தமெல்லாம் போய்க் கையில் 30,000 ரூபா வருகிறது என்று வையுங்கள். தசமபாகம் 3,000. கிழமை தோறும் கட்டும் குழுக் கடன் பாக்கி நிற்கும்போது, அந்த 3,000க்காக இன்னொரு கடன் எடுத்துக் கொடுப்பதில் ஆண்டவருக்கு மகிமை இல்லை. குழுவில் உங்களுக்காகக் கையெழுத்திட்ட மற்றப் பெண்கள்தான் அந்தத் தவணையைச் சுமப்பார்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போது. கணவன் மனைவி இருவரும் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் எடுத்த கடன் ஜெபத்தையே அடைத்து வைக்கும். பிறகு 200, 300 என்று தாங்கக்கூடிய ஒரு தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனியே எடுத்து வையுங்கள். கடன் குறையக் குறைய அதைக் கூட்டலாம். பிள்ளை புலமைப்பரிசில் பாஸானால் இவ்வளவு தருகிறேன் என்று பொருத்தனை பண்ணும் முன் உபாகமம் 23:22ஐ வாசியுங்கள், பொருத்தனை பண்ணாதிருந்தால் பாவமில்லை என்றே இருக்கிறது. எண்ணெய்ப் போத்தலுக்கும் தீர்க்கதரிசனத்துக்கும் விலை சொல்கிறவர் வந்தால், "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற மத்தேயு 10:8 அவருக்கும் எழுதப்பட்டது.

லயத்தில் சமாதானம்

ஒரே சுவர், ஒரே பீலி, ஒரே வடிகால் கான். தண்ணீர்ப் பங்கில் தொடங்கிய சண்டை இரண்டு தலைமுறை பேசாமல் இருப்பதில் முடியும். மத்தேயு 5:23-24 காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. எப்படிப் போவது? ஆள் களைத்துப் பசியோடு வரும் நேரத்தில் போகாதீர்கள். ஞாயிறு பின்னேரம் நல்லது. தனியாகப் போங்கள், ஆள் சேர்த்துக்கொண்டு போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். உங்கள் தப்பை மட்டும் சொல்லுங்கள். "நான் அன்றைக்கு உங்கள் பிள்ளையை அப்படிப் பேசியிருக்கக்கூடாது." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் பழைய சண்டை திரும்பும். அவர் முகம் கொடுக்காவிட்டால் திரும்பி வந்து, அடுத்த நாள் எதிரே வரும்போது "வாங்க மாமி" என்று சொல்லிவிட்டுப் போங்கள். மனம் ஆற மாதங்கள் ஆகலாம். அடி உதை நடக்கும் வீட்டுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே மன்னிப்புக்கு முன் பாதுகாப்பு. அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் அன்றிரவே வேறு வீட்டில் தங்கவைத்து, பொலிஸுக்குப் போக வேண்டுமென்றால் கூடவே போங்கள்.

தோட்டத்தில் பக்கத்து வீடு பெரும்பாலும் இந்து வீடு. பல குடும்பங்களில் ஒரே காம்பராவுக்குள்ளேயே இரண்டு விசுவாசம் இருக்கும். மாரியம்மன் திருவிழாவின் தப்பு மேளச் சத்தத்தைப் பிசாசின் சத்தம் என்று ஸ்பீக்கரில் பிரசங்கிப்பதால் யாரும் இயேசுவை நேசிக்கத் தொடங்கியதில்லை. ஜெபக் கூட்டத்து ஸ்பீக்கரை வெளியே திருப்பி வைக்காதீர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். கணவர் விசுவாசியாக இல்லாவிட்டால் 1 பேதுரு 3:1 போதனையின்றி நடக்கையால் ஆதாயப்படுத்தச் சொல்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு இல்லாமல் கிழமையில் நாலு இரவு ஜெபக் கூட்டத்துக்குப் போனால் அவர் வெறுப்பது இயேசுவை அல்ல, அந்த நாலு இரவை. ஞாயிறோடு இன்னொரு நாள் போதும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டே போங்கள்.

வறண்டு போகும் காலம்

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் உணராத மாதங்கள் வரும். ஜெபம் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கும். யோவான் 15:2இல் கனி கொடுக்கிற கொடியைத்தான் பிதா சுத்தம்பண்ணுகிறார் என்றிருக்கிறது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயரமான மலைகளில் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் வெட்டுவார்கள். வெட்டிய மலை குச்சி குச்சியாக மொட்டையாகக் கிடக்கும், மறுபடி கொழுந்து எடுக்க மாதங்கள் ஆகும். ஆனால் வேரில் மாச்சத்து இருக்கும் மரம்தான் வெட்டைத் தாங்கும். அதற்காக வெட்டுக்கு முன் கொழுந்து எடுக்காமல் சில வாரம் ஓய்வு விட்டு, வேரைச் சீவி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம். மாறாத வேரோடு வெட்டினால் மரம் பட்டுப்போகும். ஆகையால் நல்ல காலத்தில் வேர் பிடிக்கவிடுங்கள். மனப்பாடம் செய்த சங்கீதமும் பழகிப்போன 15 நிமிடமும் அப்போதுதான் உதவும்.

வறண்ட காலத்தில் புதிதாக எதையும் கூட்ட வேண்டாம். இரவு முழுக்க விழித்து ஜெபித்தால் உணர்வு திரும்பும் என்று நினைத்தால் களைப்புத்தான் கூடும். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது சாப்பாடும் தூக்கமும்தான், இரண்டு தரம் (1 இராஜாக்கள் 19). உணர்வு இல்லாவிட்டால் சங்கீதம் 13ஐச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். இன்னும் இருட்டாக இருந்தால் சங்கீதம் 88. அது கடைசி வரிவரை இருட்டாகவே முடிகிறது, அப்படியும் அது ஜெபம்தான் என்று வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது சாக வேண்டும் என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும்கூட, அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள். 1926 என்ற எண்ணில் தேசிய மனநல உதவிச் சேவையோடு பேசலாம். வைத்தியசாலைக்கும் போங்கள். சாகும் நினைப்பு வந்தவரை அன்றிரவு தனியே விடாதீர்கள்.

மழைக் காலத்தில் ஒரு வார்த்தை. மண்சரிவு எச்சரிக்கை வந்து லயத்தை விட்டுப் போகச் சொன்னால், சரிவு நம் பக்கம் வராது என்று ஜெபித்துக்கொண்டு உள்ளே இருக்க வேண்டாம். ஜெபத்தைப் பாடசாலை மண்டபத்தில் வையுங்கள். நடக்க முடியாதவர்களை முதலில் தூக்கிக்கொண்டு போங்கள்.

மூன்று பேர்

ஐயரோ பாஸ்டரோ ஃபாதரோ தோட்டத்துக்கு மாதத்தில் ஒரு தரம் வந்தாலே பெரிது. ஒருவர் பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அவரைக் குறை சொல்லாமல், ஆணென்றால் ஆண்கள், பெண்ணென்றால் பெண்கள், மூன்று பேர் சேர்ந்துகொள்ளுங்கள். நாலைந்தாகினால் ஒருவர் பிரசங்கியாகிவிடுவார். கிழமைக்கு ஒரு தரம் அரை மணி நேரம், ஞாயிறு ஆராதனைக்கு நடந்து போகும் வழியிலேயே நடத்தலாம். இந்தக் கிழமை வாசித்ததில் எது பிடித்தது, எதில் விழுந்தேன், யாருக்காக ஜெபிக்க வேண்டும். கேட்டது மூன்று பேரைத் தாண்டி நாலாவது காதுக்குப் போகக்கூடாது. லயத்தில் இரகசியம் காப்பது எவ்வளவு கடினம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு தரம் வெளியே போனால் அந்தக் குழு முடிந்தது. ஆகவே முதல் மாதம் சின்னச் சின்ன விஷயங்களை மட்டும் பேசிப் பாருங்கள்.

மூவரில் ஒருவர் வேலைக்குக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவார், இது இங்கே எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது. அவரை விட்டுவிடாதீர்கள். சவூதியும் குவைத்தும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம். இங்கே காலை 5 மணிக்குக் கூப்பிட்டால் சவூதியில் அதிகாலை 2.30, தூக்கம் கெடும். ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பிவிடுங்கள்: ஒரு வசனம், அவர் பிள்ளை எப்படி இருக்கிறது என்ற செய்தி, ஒரு வரி ஜெபம். எழும்பியதும் கேட்பார். வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு அங்கே புத்தகத்தைத் திறக்கச் சந்தர்ப்பம் கிடைக்காமல் போகலாம். பயணத்துக்கு முந்திய இரண்டு மாதத்தில் சங்கீதம் 23, 91, 121 மூன்றையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். மொத்தம் 30 வசனம்: 6, 16, 8. இரண்டு நாளுக்கு ஒரு வசனம் என்று போனால் விமானம் ஏறும் முன் முடிந்துவிடும். 121இல் தொடங்குங்கள்.